குட்டை நாயின் பெயரால்

ஆயக்குடி கொய்யாச் சந்தைக்குப் பக்கத்து டீக்கடையில் மூன்று பேர் ஒரே செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். நாய்கள் ஓடிக்கொண்டிருந்தன. வரிசையாக நான்கு தடை. அவற்றைத் தாண்டிப் போய், கோடியில் இருக்கும் சாய்வுப் பெட்டியை நாய் மிதிக்கிறது. பெட்டியிலிருந்து டென்னிஸ் பந்து துள்ளுகிறது. அதைக் கவ்விக்கொண்டு அதே நான்கு தடையைத் தாண்டித் திரும்புகிறது. அது கோட்டைத் தொடும் நொடியில், மூக்கோடு மூக்கு உரசுகிற மாதிரி அடுத்த நாய் பாய்கிறது. கடைசியில் ஒரு குட்டை நாய், காது இரண்டும் படபடக்க, உயிரைக் கொடுத்து ஓடி வந்தது.

"அந்தக் குட்டையன் உயரத்துக்குத் தக்கனதான் மத்த மூணு நாய்க்கும் தடை வைப்பாங்களாம்ண்ணே. இதாண்ணே சமத்துவம்" என்றான் செல்போன்காரன். பெஞ்சு முழுக்கத் தலையாட்டியது. நானும் ஆட்டினேன். ஆட்டிய தலையைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

அவர்கள் அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். பொங்கலுக்கு ஊரில் இதே மாதிரி ஒரு பந்தயம் வைக்கலாம், இதே விதியோடு வைக்கலாம் என்று பேச்சு வளர்ந்தது. ஆசை நியாயமானதுதான். நம் பக்கத்து சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்துவதற்கென்றே வளர்ந்த நாய்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். வேலை போன நாய்கள் வாசலில் படுத்துக்கொண்டு பால்காரரைப் பார்த்துக் குரைக்கின்றன. அவற்றுக்கு ஓட ஒரு காரணம் வேண்டும். பந்தயம் வரட்டும். அந்த விதி வேண்டாம் என்பதுதான் என் வாதம்.

இந்த விளையாட்டுக்கு ஃப்ளைபால் என்று பெயர். கலிஃபோர்னியாவில் பிறந்தது. 1984இல் வட அமெரிக்க ஃப்ளைபால் சங்கம் அமைந்த பிறகு அதற்கு எழுத்துப்பூர்வமான விதிகள் வந்தன. ஓர் அணிக்கு நான்கு நாய். தொடக்கக் கோட்டிலிருந்து பெட்டிக்கு 51 அடி. முதல் தடை ஆறடியில், பிறகு பத்தடிக்கு ஒன்று, கடைசித் தடையிலிருந்து பெட்டிக்குப் பதினைந்து அடி. போக நான்கு, வர நான்கு என ஒரு நாய் எட்டு முறை தாண்ட வேண்டும். நான்கு நாய்க்கும் சேர்த்து முப்பத்திரண்டு தாவல். தலைசிறந்த அணிகள் இவ்வளவையும் பதினைந்து நொடிக்குள் முடித்துவிடுகின்றன. நாம் டீயை ஒரு ஆற்று ஆற்றி வாயில் வைப்பதற்குள் பந்தயம் முடிந்திருக்கும்.

தடையின் உயரம் எப்படி முடிவாகிறது? அணியில் மிகக் குட்டையான நாயைச் சமதரையில் நிறுத்தி, தோள்பட்டையின் உச்சிவரை அளப்பார்கள். அதிலிருந்து சில அங்குலம் கழிப்பார்கள். தொடக்கத்தில் நான்கு அங்குலம் கழித்தார்கள், பிறகு அது ஐந்தானது. குறைந்தது ஏழு அங்குலம், கூடியது பதினான்கு அங்குலம் என்பது பல ஆண்டுகள் நடந்த கணக்கு. வரும் தொகை எதுவோ அதுவே நான்கு நாய்க்கும் தடை. ஆங்கிலத்தில் அந்தக் குட்டை நாய்க்கு 'ஹைட் டாக்' என்று செல்லப் பெயர். அணிக்கு உயரம் தருகிற நாய் என்று பொருள். உண்மையில் அது உயரத்தைக் குறைத்துத் தருகிற நாய்.

இப்போது கணக்கைப் போடுங்கள். நான்கு சிப்பிப்பாறை நாய்கள் ஓர் அணி. ஒவ்வொன்றும் இருபத்தைந்து அங்குலம் என்று வையுங்கள். தடை பதினான்கு. அதில் ஒன்றை வெளியே அனுப்பிவிட்டு, பன்னிரண்டு அங்குலமுள்ள ஒரு குட்டையனைச் சேருங்கள். தடை ஏழுக்கு இறங்கிவிடும். மிச்சமிருக்கும் மூன்று நெட்டையன்களுக்கும் இருபத்து நான்கு தாவலிலும் ஏழேழு அங்குலம் லாபம். அவை தாண்டவே வேண்டாம், ஓடுகிற ஓட்டத்தில் காலைக் கொஞ்சம் மடக்கினால் போதும்.

குட்டையனுக்கு? பன்னிரண்டு அங்குல நாய் ஏழு அங்குலம் தாண்டுகிறது. தன் தோளில் பாதிக்கும் மேலே. பக்கத்தில் ஓடும் இருபத்தைந்து அங்குலத்தானுக்கு அதே தடை தோளில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒன்பது அங்குலப் பொமரேனியன் ஒன்றைச் சேர்த்தால் இன்னும் மோசம். கீழ் வரம்பு ஏழு என்பதால் அதற்குமேல் தடை இறங்காது. அந்தப் பஞ்சு உருண்டை தன் உயரத்தில் நாலில் மூன்று பங்குக்கு மேல் எட்டு முறை எகிற வேண்டும். யாருக்காக இறங்கியது என்று சொல்லப்படுகிறதோ அந்த நாய்க்குத்தான் அணியிலேயே மிக உயரமான தடை. இதற்குப் பெயர் சமத்துவம் என்றால், மொய்ப்பணம் வசூலிக்க வாசலில் உட்கார்த்தி வைத்த ஏழைச் சொந்தக்காரனும் கல்யாணத்துக்குத் தலைமை தாங்கியவன்தான்.

சரி, பெரிய நாய்களின் மூட்டுக்காவது இது நல்லதில்லையா என்று கேட்பார்கள். தாழ்ந்த தடை என்றால் தோள் அடி வாங்காது, தரையிறங்கும்போது முன்காலில் பாரம் குறையும் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். ஏழு அங்குலம் ஒரு பெரிய நாயின் தோளுக்கு நல்லதென்றால், கூட ஓட ஒரு குட்டைத் தோழன் இல்லாத பெரிய நாய் மட்டும் என்ன பாவம் செய்தது? பதினான்கு அங்குலத்தில் அதற்குத் தோளே கிடையாதா? மூட்டைக் காப்பதுதான் நோக்கமென்றால் எல்லா அணிக்கும் தடையை இறக்கிவிட்டுப் போகலாம். ஒரு குட்டையனைக் கொண்டுவந்தால் இறக்குகிறேன், இல்லையென்றால் மாட்டேன் என்பது வைத்தியம் இல்லை, பேரம். கழிக்கிற அங்குலம் நான்கிலிருந்து ஐந்தானதே, அது எதைச் சொல்கிறது? தாழ்ந்த தடையால் விளையாட்டு கெடாது என்று விதி போட்டவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

அடுத்து, எல்லோரும் கடைசியாக ஓடி ஒளியும் வாதம். இந்த விதி இல்லாவிட்டால் சின்ன நாய்க்கு விளையாட்டிலேயே இடம் இருக்காதாம். இருக்கிற இடம் எவ்வளவு என்று பாருங்கள். நான்கில் ஒன்று. இரண்டாவது குட்டையனால் தடை மேலும் இறங்கப்போவதில்லை, ஆகவே இரண்டாவது குட்டையனுக்கு வேலை இல்லை. அதைவிடக் கொடுமை நடுத்தர நாயின் கதி. பதினைந்து, பதினாறு அங்குலத்தில், நம் தெருவில் வாலை ஆட்டிக்கொண்டு திரிகிற சாதாரண நாட்டு நாயை எடுத்துக்கொள்ளுங்கள். அது தடையை ஏழுக்கு இறக்கும் அளவுக்குக் குட்டையும் இல்லை, மூன்று நெட்டையன்களோடு போட்டியிடும் அளவுக்குக் காலும் இல்லை. இந்த விதியில் அதற்கு எந்த மூலையும் கிடையாது. சின்னவனுக்கு இடம் கொடுத்ததாகச் சொல்லும் விதி, உலகத்தில் பெரும்பான்மை நாய்களைத் தெருவிலேயே நிறுத்திவிடுகிறது.

அளக்கிற கதைக்கு வருவோம். அளவுகோல் பொய் சொல்லாது என்கிறார்கள். எங்கள் வீட்டு நாய் மணியை ஒரு சாயங்காலம் அளந்து பார்த்தேன். சுவரோரம் நிறுத்தி, தோளின் மேல் ஒரு மட்டப்பலகையை வைத்து, பென்சிலால் கோடு போட்டேன். முதல் தடவை பதினாறு. மனைவி சமையல்கட்டில் கருவாட்டுச் சட்டியைத் திறந்தாள், மணி தலையைத் தூக்கினான், பதினாறரை. அளக்கிறார்கள் என்று புரிந்துகொண்ட பிறகு, குளிப்பாட்டப் போகிறோம் என்று நினைத்தானோ என்னவோ, உடம்பைச் சுருக்கினான். பதினைந்தே முக்கால். ஒரே நாய், ஒரே சுவர், அரை மணி நேரம். மணிக்குப் பரிசு ஆசை கிடையாது. பரிசு ஆசை உள்ள மனிதர், அளக்கும்போது பதுங்கி நிற்க நாயைப் பழக்குவதற்கு எவ்வளவு நாளாகும்?

இதே ஊரில் நாய் விற்கும்போது டேப் எந்தப் பக்கம் இழுபடும் என்பது எல்லோருக்கும் தெரியும். "இருபத்தெட்டு இன்ச்சுண்ணே, ராஜபாளையம்ணா சும்மாவா" என்று முதுகில் ரோமத்தையும் சேர்த்து அளப்பார்கள். கோம்பையா, கழுத்தை நிமிர்த்திப் பிடிப்பார்கள். உயரம்தான் விலை என்றால் டேப் நீளும். குட்டைதான் விலை என்றால் டேப் சுருங்கும். இரண்டிலும் நாய் அதே நாய்.

இந்தத் தொல்லை தெரிந்துதான் வேறு வழி கண்டுபிடித்தார்கள். 2004இல் தொடங்கிய யூஃப்ளை என்ற அமெரிக்க அமைப்பு தோளை விட்டுவிட்டு முன்கால் எலும்பை அளக்கிறது. பிரிட்டனின் ஃப்ளைபால் சங்கமும் அந்த வழிக்கு வந்தது. நாயின் முன்காலில் நாம் முட்டி என்று நினைப்பது உண்மையில் அதன் மணிக்கட்டு. முழங்கை மேலே, நெஞ்சோரம் இருக்கிறது. அந்த முழங்கை நுனியிலிருந்து மணிக்கட்டின் பின்புறம் துருத்தி நிற்கும் சின்ன எலும்புவரை எவ்வளவு நீளம் என்று பார்ப்பார்கள். நாய் பதுங்கினாலும் நிமிர்ந்தாலும் எலும்பு நீளாது, குறையாது. இனி ஏமாற்று இல்லை என்கிறார்கள். அளவு சம்பந்தப்பட்டவரை நானும் ஒப்புக்கொள்கிறேன், தோளைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் திருட்டை ஒழித்துவிட்டால் விதி நியாயமாகிவிடும் என்று நினைப்பதில்தான் கோளாறு. எலும்பைச் சரியாக அளந்தால் எலும்பு எவ்வளவு என்று தெரியும். அந்த எலும்புக்காக மற்ற மூன்று நாய்க்கு ஏன் சலுகை என்பது தெரியாது. ஏமாற்றுக்காரன் நாயைப் பதுங்கப் பழக்கினான். யோக்கியன் அதைச் செய்ய மாட்டான். அவன் முன்கால் குட்டையாகவே பிறக்கும் நாயைத் தேடிப் போவான், கிடைக்காவிட்டால் உண்டாக்குவான். பார்டர் காலியையும் டெரியர் வகைகளையும் கலந்து, வேகம் ஒரு பக்கம், சின்ன உடம்பு ஒரு பக்கம் என்று ஃப்ளைபாலுக்கென்றே குட்டி எடுப்பது அங்கே பழைய செய்தி. சின்ன உடம்பில் குற்றமில்லை. குட்டைக் கால் வேறு விவகாரம். டாஷண்ட் போன்ற இனங்களின் குட்டைக் காலுக்கு ஒரு மரபணுவின் உபரி நகல்தான் காரணம் என்று 2009இல் கண்டுபிடித்தார்கள். அந்த வகை நாய்களின் முதுகெலும்பு வட்டு எளிதில் பிதுங்கும், பின்கால் விழுந்துவிடும் என்பது எந்தக் கால்நடை மருத்துவரும் சொல்லும் விஷயம். குட்டைக் காலுக்குப் பரிசு வைத்துவிட்டு, அந்தக் காலோடு வரும் முதுகை எட்டு முறை எகிறச் சொல்லலாமா?

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன்.

பழனி, உடுமலை வட்டாரத்தில் ரேக்ளா பார்த்தவர்களுக்குத் தெரியும். காங்கயம் காளைகள், தட்டு வண்டி, மண் சாலை. இளம் பல் மாடுகளுக்கு இருநூறு மீட்டர், பல் முற்றிய மாடுகளுக்கு முந்நூறு மீட்டர். வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார்கள். அதன்படி மாடு எந்த வரிசையில் ஓடும் என்று முடிவாகும், அவ்வளவுதான். மதுரையைத் தாண்டி சிவகங்கை, தூத்துக்குடிப் பக்கம் போனால் பெரிய மாடு, நடு மாடு, பூஞ்சிட்டு, தட்டான்சிட்டு என்று பிரிவுகள். சின்ன மாட்டுக்கு இவ்வளவு அழகான பேரை வேறெந்தப் பந்தயத்தில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. பூஞ்சிட்டு பூஞ்சிட்டோடு ஓடும். பெரிய மாட்டின் நுகத்தடியில் ஒரு பக்கம் பூஞ்சிட்டைக் கட்டிவிட்டு, "எங்க சோடியில சின்ன மாடு இருக்கு, எல்கையைக் குறைங்க" என்று யாராவது கேட்டால் கமிட்டிக்காரர்கள் வண்டியோடு சேர்த்து வழியனுப்பி வைப்பார்கள்.

கபடியும் அப்படித்தான். சுற்றுவட்டாரத்தில் எந்த ஊர் நோட்டீஸை வேண்டுமானாலும் பாருங்கள், அறுபது கிலோ, அறுபத்தைந்து கிலோ என்று எடை போட்டிருக்கும். தராசில் நிற்கும் பையன் நூறு கிராம் கூடினால் நாலு சுற்று ஓடிவிட்டு வந்து திரும்ப நிற்பான். அங்கேயும் தகராறு உண்டு. ஆனால் நாற்பது கிலோ பையன் ஒருவனை அணியில் சேர்த்தால் ஐந்து புள்ளி இலவசம் என்று எந்த ஊரும் அறிவித்ததில்லை. அறிவித்தால் என்ன நடக்கும்? ஊரில் ஒல்லிப் பையன்களுக்கு முட்டை கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள்.

சந்தையில் கொய்யாவைத் தரம் பிரிப்பதைப் பாருங்கள். பெரிய காய் ஒரு பெட்டி, நடுத்தரம் ஒரு பெட்டி, பொடிக்காய் ஒரு பெட்டி. பெட்டியில் கிடக்கும் மிகச் சின்ன காயை எடுத்துக் காட்டி, "இதை வச்சு மொத்தப் பெட்டிக்கும் விலை போடுறேன்" என்று வியாபாரி சொன்னால் விவசாயி என்ன சொல்வார் என்பதை இங்கே எழுத முடியாது.

அளவை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் விஷயம். பிரிப்பதற்கு அளந்தால், தப்பு நடந்தாலும் ஒரு நாய் பக்கத்து வரிசையில் ஓடிவிடும், நஷ்டம் அத்தோடு போகும். சலுகை கொடுக்க அளந்தால், அரை அங்குலத் தப்பு முப்பத்திரண்டு தாவலிலும் பெருகும். அதனால்தான் அந்த அரை அங்குலத்துக்கு இவ்வளவு சண்டை, இவ்வளவு கருவி, எலும்பைத் தேடும் இவ்வளவு விரல்கள்.

பிரிவு வைத்தாலும் எல்லையில் சிக்கல் வரும் என்பார்கள். வரும். மாட்டுப் பல்லிலேயே சண்டை வருகிறதே. தடை தாண்டும் இன்னொரு நாய் விளையாட்டான அஜிலிட்டியில் இது கண்கூடாக நடந்தது. சர்வதேச நாய்கள் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ. விதிப்படி நெடுங்காலம் சிறிது, நடு, பெரிது என்று மூன்றே பிரிவுகள். தோள் உயரம் 43 செ.மீ.யைத் தொட்ட நாய், அறுபது செ.மீ. நாய் தாண்டுகிற அதே தடையைத் தாண்டியாக வேண்டியிருந்தது. அவஸ்தைப்பட்டது நாய், குரல் கொடுத்தவர்கள் வளர்த்தவர்கள். 2023 முதல் 43க்கும் 48க்கும் நடுவே இன்னொரு பிரிவு வந்தது. கோளாறு தெரிந்தது, ஒரு பெட்டியைக் கூட்டினார்கள், சரியானது. பெரிய நாய்கள் ஒரு குட்டையனைக் கூட்டிக்கொண்டு வந்தால் தடையை இறக்குகிறோம் என்று அவர்களுக்கும் தோன்றியிருக்கலாம். நல்லவேளை, தோன்றவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஃப்ளைபாலில் பலவகை நாய்கள் ஒன்றாக ஓடும்போது பார்க்கவே ஆனந்தமாக இருக்கிறது. நெட்டையும் குட்டையும் ஒரே அணியில், ஒரே சட்டைக்காரர்களின் கூச்சலில். பிரிவு வைத்தால் அந்த வேடிக்கை கொஞ்சம் குறையும். எனக்கும் வருத்தம்தான். ஆனால் அந்த வேடிக்கைக்கும் வேறு வழி இருக்கிறது. அந்த வட அமெரிக்கச் சங்கமே நான்கு நாயும் நான்கு வேறு இனமாக இருக்க வேண்டும் என்று தனியாக ஒரு போட்டி வைத்திருக்கிறது. வகை வேண்டுமென்றால் வகையைக் கேளுங்கள். அங்குலத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

கோடை விழாவில் கொடைக்கானலில் நடக்கும் நாய்க் கண்காட்சிக்குப் போனவர்கள் கவனித்திருக்கலாம். சீவிச் சிங்காரித்த நாய்கள் வளையத்துக்குள் நடக்கும், வெளியே கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஊர் நாய் ஒன்று பஜ்ஜித் தாளை நக்கிக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருக்கும். எங்கள் பொங்கல் பந்தயத்திலாவது அந்தக் கயிறு வேண்டாம் என்று நினைக்கிறேன். நடுப்பிரிவு என்று ஒன்று இருந்தால் மணி ஓடுவான். தோற்பான், அது வேறு.

போன வாரம் செல்போன்காரன் வீட்டுக்கே வந்துவிட்டான். "டேப் இருந்தாக் குடுங்கண்ணே, அளக்கப் போறோம்." மேலே சொன்னதையெல்லாம் இன்னும் நீளமாக அவனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "அப்ப எத்தனை பலகைண்ணே அறுக்கணும்?" என்றான். இரண்டு அணி பக்கம் பக்கமாக ஓட எட்டுத் தடை. பெரிசுக்கும் நடுவுக்கும் ஏழு அங்குலத்தில் எட்டு, சின்னதுக்கு நாலு அங்குலத்தில் எட்டு. "மேல ஏத்துறதுக்கு ஓரங்குலப் பட்டை தனியாப் போடச் சொல்லவா?" வேண்டாம் என்றேன். ஆசாரியிடம் பதினாறு பலகைக்கு அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டு வந்தோம்.